தாழ்ப்பாளும் தையல் இயந்திரமும்: குளத்துப்புழையில் ஐந்து மழை நாட்கள்

ஜூன் 16, 2025, திங்கள் – ஆரியங்காவு

தென்காசியில் சாரலாக இருந்த மழை, புளியரையைத் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியதும் அடைமழையாகிவிட்டது. இந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டதால், மலைச்சரிவு மூன்று வாரமாக நனைந்து ஊறியிருந்தது. ஆரியங்காவுக்குச் சற்று முன்னால் சாலையின் குறுக்கே ஒரு மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. நடத்துநர் ஒவ்வொரு இருக்கையாக வந்து, மீதித் தூரத்துக்கான பணத்தைச் சில்லறை குறையாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு, இனி நடந்துதான் போக வேண்டும் என்று வருத்தத்தோடு சொன்னார்.

ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினேன். கடையை நடத்தும் பெண்மணி, ஒரே வாக்கியத்தின் முற்பகுதியைத் தமிழிலும் பிற்பகுதியை மலையாளத்திலும் பேசினார். செங்கோட்டையே 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தான் என்பதால், இந்தச் சாலையில் மொழி சோதனைச் சாவடியோடு நின்றுவிடுவதில்லை. என் தலையிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்து, கொடியில் உலர்ந்த ஒரு தோர்த்தை, அதாவது மெல்லிய துவாலையை, எடுத்து நீட்டினார். பெஞ்சில் தூங்கிய பேரக்குழந்தையை மடிக்கு மாற்றிக்கொண்டு எனக்கு இடம் விட்டார். தேநீர் 12 ரூபாய், பழம்பொரி 12 ரூபாய். பழம்பொரி அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருந்தது. விளிம்பு மொறுமொறுப்பாகவும் உள்ளே பழம் கூழாகவும் இருந்தது.

நான் ஓய்வுக்காக வரவில்லை. முடிக்க முடியாத ஓர் அறிக்கையைச் சுமந்துகொண்டு வந்தேன். போரால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் நடக்கும் உதவித் திட்டங்களை மதிப்பிடுவது என் தொழில். கடந்த பிப்ரவரியில் இலங்கையின் வன்னியில் ஒரு வாழ்வாதாரத் திட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே கணவனை இழந்தோ பிரிந்தோ குடும்பத்தைத் தாங்கும் பெண்களின் வீட்டைப் பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று சொல்கிறார்கள். அத்தகைய குடும்பங்களுக்கு மாடும் கோழியும் தையல் இயந்திரமும் கொடுத்த திட்டம் அது. ஜனவரி 20ஆம் தேதி அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்க உத்தரவிட்டதிலிருந்து இந்தத் துறையே ஆட்டம் கண்டிருக்கிறது. நெருக்கடிப் பகுதிகளில் இயங்கும் 411 பெண்கள் அமைப்புகளிடம் ஐ.நா. பெண்கள் அமைப்பு நடத்திய கணக்கெடுப்பு மே மாதம் வெளியானது. நூற்றுக்குத் தொண்ணூறு அமைப்புகள் நிதிக்குறைப்பால் பாதிக்கப்பட்டிருக்கின்றன. ஆறு மாதத்துக்குள் மூட வேண்டியிருக்கும் என்று 47 சதவீத அமைப்புகள் சொல்லியிருக்கின்றன. இத்தகைய காலத்தில் ஒரு மதிப்பீட்டாளர் எழுதும் ஒற்றை வரி ஒரு திட்டத்தின் உயிரை எடுத்துவிடக்கூடும் என்ற அச்சத்தில் என் பேனா நகரவில்லை. குற்றாலத்தில் என்னோடு படித்த தோழி, கேரளத்தில் உள்ள குளத்துப்புழையில் தன் வீட்டுக்கு வந்து அமைதியாக எழுதிவிட்டுப் போ என்று அழைத்தாள்.

மரத்தை அறுத்து அகற்றியபோது இருட்டிவிட்டது. ஜீப் ஒன்றில் எட்டுப் பேராக நெருக்கி உட்கார்ந்து தென்மலை வரை போய், அங்கிருந்து தோழி அனுப்பிய ஆட்டோவில் குளத்துப்புழை சேர்ந்தேன். தோர்த்து என் பையிலேயே வந்துவிட்டது என்பதை இரவு பதினொரு மணிக்குத்தான் கவனித்தேன்.

ஜூன் 17, செவ்வாய் – குளத்துப்புழை

காலையில் கதவைத் திறந்தால் நாற்புறமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்தின் வெட்டுக்கு மேலும், மழைநீர் பாலில் கலக்காமல் இருக்கப் பாவாடைபோல் பிளாஸ்டிக் கட்டியிருந்தார்கள். அப்படிக் கட்டியும், இத்தனை மழையில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டே தோழியின் தாயாரிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை ஆச்சி என்று அழைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. சிங்களத்திலும் பாட்டியை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள் என்றும், தான் பிறந்த இலங்கையின் பதுளைத் தோட்டத்தில் பக்கத்து ஊர்ச் சிங்களப் பிள்ளைகள் தன் பாட்டியை அப்படித்தான் அழைத்தார்கள் என்றும் சொன்னார்.

ஆச்சிக்கு எழுபது வயது. பத்தொன்பதாம் வயதில் கப்பலேறியவர். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களைப் பற்றி, 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்பது ஏற்பாடு. அந்த மீதியை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலான கப்பல் 1984இல் நிற்கும் வரை மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காகக் குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் காட்டை ரப்பர்த் தோட்டமாக்கி வேலை கொடுத்தார்கள். மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து நடத்தும் அந்த மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் 1976இல் பதிவு செய்யப்பட்டது.

நான் இதுவரை ஆராய்ந்த திட்டங்கள் எல்லாம் மூன்றாண்டுத் திட்டங்கள். கடைசி மாதத்தில் இரண்டு வாரம் ஊருக்குப் போய், பெண்களின் வாழ்க்கை மாறியதா என்று பார்த்து எழுதுவோம். இங்கே என் முன்னால் இருந்தவர்கள், ஓர் உதவித் திட்டத்துக்குள் வந்து சேர்ந்து ஐம்பது ஆண்டுகளை அதற்குள்ளேயே வாழ்ந்து முடித்தவர்கள். என் துறையில் யாருக்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது என்று தோன்றியதும், அறிக்கையை மறந்து கேள்வித்தாளை எடுத்துவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

நான்கு வீடு தள்ளி இருந்த ஓர் அம்மாவைப் பார்க்கத் தோழி அழைத்துப் போனாள். இலங்கையில் 1977 ஆகஸ்ட் கலவரத்தில், லயம் என்று சொல்லும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு எரிந்து, மறு ஆண்டு இங்கே வந்தவர் அவர். நான் முதல் கேள்வியைக் கேட்டதும், வாசலில் நின்ற மகன், “அம்மாவுக்கு ஒண்ணும் வெவரம் தெரியாதுங்க, நான் சொல்றேன்” என்று முன்னால் வந்து உட்கார்ந்தார். மரியாதையாகவே பேசினார், எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார், தண்ணீரும் முறுக்கும் கொடுக்கச் செய்தார். அந்த அம்மா சுவரோரம் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். நான் கேட்க வேண்டியவை அந்த விரல்களில்தான் இருந்தன; தாளில் எழுதியதெல்லாம் மகனுடைய வாழ்க்கை.

பெண்கள்மீதான வன்முறையை ஆராய்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட நெறிமுறையில், பேட்டி தனிமையில் நடக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. யாராவது உள்ளே வந்துவிட்டால் உடனே பேச்சை மாற்ற வேறு கேள்விகளைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றுகூட அதில் வழி சொல்லப்பட்டிருக்கிறது. நான் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கும் விதி அது. ஆனால் வன்னியில் என்ன செய்தேன்? பொதுமண்டபத்தில் பெண்களை வரிசையாக வரவழைத்துப் பேசினேன். பத்தடி தூரத்தில் திட்ட அலுவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று பேசிய பெண்கள் எல்லோரும் “நல்ல உதவி” என்றார்கள். மழை வருவதற்குள் முடித்துவிட்டோம் என்று நான் நிம்மதிகூடப் பட்டேன். அந்த நிம்மதியை நினைத்து இன்று முழுவதும் மனம் குறுகிப்போய் இருந்தேன்.

மாலையில் கால் விரலிடுக்கில் அட்டை ஒன்று கடித்து வீங்கியிருந்தது. ஆச்சி சுண்ணாம்பு தடவி விட்டார்.

ஜூன் 18, புதன் – மழை

இரவெல்லாம் மின்சாரம் இல்லை. காலையில் கைப்பேசிக்குச் சிக்னலும் இல்லை. பையின் அடிப்பக்கம் நனைந்து கேள்வித்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன; பிரித்தால் கிழிந்தன. அவற்றை அடுப்புக்கு மேலே கயிற்றில் உலர்த்தினோம். ஆண்கள் சீட்டு விளையாடக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் ஆச்சியின் சமையற்கட்டில் கூடி, இரண்டு கூடைக் கப்பையைத் தோலுரிக்கத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் மரச்சீனி என்று சொல்லும் கிழங்குதான். சந்தையில் கிலோ 30 ரூபாய்க்கு வாங்கியது என்றார்கள். எனக்கும் ஒரு கத்தி கொடுத்தார்கள்.

கையில் வேலை இருந்தால் பேச்சுக்குக் கேள்வி தேவையில்லை என்பதை நான் இன்று கண்டேன். நேற்று மகனுக்குப் பின்னால் நின்ற அம்மாவும் வந்திருந்தார். கிழங்கைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, தாமாகவே பேசத் தொடங்கினார். கரையிறங்கிய பிறகு தங்கவைத்த முகாமில் ரேஷன் ஒழுங்காகக் கிடைத்ததாம்; பணமும் கிடைத்ததாம்; “ஆனா கக்கூசுக்குத் தாழ்ப்பா இல்ல” என்றார். அவருக்கு அப்போது பதினாறு வயது. அக்காவும் அவரும் ஒருவர் உள்ளே போனால் மற்றவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். இரவில் போகாமல் இருப்பதற்காக மாலை நான்கு மணிக்குமேல் தண்ணீரே குடிக்க மாட்டார்களாம். “இங்க வந்த அன்னிக்கு மொத வேலையா எங்கம்மா கதவத் தொட்டுத்தான் பாத்துச்சு. உள்பக்கம் கொண்டி இருந்துச்சு. அம்மா அதப் போட்டுப் போட்டுத் தொறந்துச்சு.”

சமையற்கட்டில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் தம் தாழ்ப்பாளைச் சொன்னார்கள். ஒருவருக்கு அது பிள்ளைக்காப்பகம்: கைக்குழந்தையை மரத்தடியில் துணி விரித்துக் கிடத்திவிட்டு வெட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. இன்னொருவருக்குத் தன் பெயரிலேயே வந்த சம்பளச் சீட்டு. பதுளையில் தன் தாயின் கூலியைத் தாத்தாதான் கைநீட்டி வாங்குவார் என்றும், இங்கே தன் பெயரை அழைத்துத் தன் கையில் கொடுத்ததை முதல் மாதம் நம்பவே முடியவில்லை என்றும் அவர் சொன்னார். வீடு கொடுத்தது, நிலம் திருத்தியது, மருத்துவமனை திறந்தது போன்ற பெரிய செய்திகளை ஆண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண்கள் ஐம்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்தது ஒரு கொண்டியையும் ஒரு சீட்டையும்.

முகாம்களில் கழிப்பறை உட்புறம் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும், பாதையில் விளக்கு இருக்க வேண்டும், ஆண் பெண் கழிப்பறைகள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும் என்று ஐ.நா. அமைப்புகளும் பிற உதவி அமைப்புகளும் கூடி 2005இல் வகுத்து 2015இல் திருத்திய வழிகாட்டி நூல் சொல்கிறது. ஒரு கொண்டியின் விலை அப்போது எட்டணா இருந்திருக்கும் என்றார் ஆச்சி. அந்த எட்டணாவை எந்தப் பட்டியலில் எழுதுவது என்று தெரியாததால்தான் உலகம் முழுவதும் அது விடுபடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

வெந்த கப்பையில் தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் அரைத்துப் போட்டுக் கட்டையால் மசித்தார்கள். குடம்புளி போட்ட மத்திக் குழம்பு முந்தின நாளே வைத்தது. ஒரு நாள் கழிந்தால்தான் அதற்குச் சுவை. தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் தையல் இயந்திரத்தின் கதை வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு சங்கத்தினர் வந்து, இங்குள்ள பெண்களுக்குத் தையல் கற்பித்து இயந்திரமும் கொடுத்தார்களாம். ஆச்சி அதை இரண்டே ஆண்டில் விற்றுவிட்டார். சங்கத்திலிருந்து பார்க்க வந்த பெண், இயந்திரம் எங்கே என்று கேட்டு, விற்றாயிற்று என்றதும் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டாராம். ஆச்சியின் பெயர் அடுத்த பட்டியலில் இல்லை. “வித்தது எதுக்குன்னு அந்தப் புள்ள கேக்கல” என்றார் ஆச்சி. மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம் சிக்கலாகி, திருவனந்தபுரத்துக்குக் கார் வைத்துக் கொண்டுபோக உடனே பணம் தேவைப்பட்டிருக்கிறது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளைதான் இப்போது எங்கள் இலையில் மீன் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. உதவித் திட்டங்களை எடைபோடப் பணக்கார நாடுகளின் வளர்ச்சி உதவிக் குழு 1991இல் ஐந்து அளவுகோல்களை வகுத்தது. 2019இல் ஒத்திசைவையும் சேர்த்து ஆறாக்கியது. பொருத்தம், பயன், திறன், தாக்கம், நிலைத்தன்மை என்று நாங்கள் மனப்பாடமாகச் சொல்லும் அளவுகோல்கள் அவை. என் வன்னி அறிக்கையின் வரைவில், கொடுத்த மாட்டை விற்றுவிட்ட பெண்களின் பெயர்களுக்கு எதிரே, ‘நிலைத்தன்மை இல்லை’ என்று சிவப்பில் எழுதியிருந்தேன். எதற்காக விற்றீர்கள் என்று கேட்டேனா? இரண்டு பேரிடம் கேட்டேன். கேள்வித்தாளில் அதற்கு இடம் இல்லாததால் மற்றவர்களிடம் கேட்கவில்லை. மாடு இருக்கிறதா என்பதைப் பார்த்த நான், மாடு எதைக் காப்பாற்றியது என்பதைப் பார்க்கவில்லை.

ஜூன் 19, வியாழன் – கோயில், அயல்கூட்டம்

காலையில் இரண்டு மணி நேரம் வெயில் அடித்தது. தோழியோடு சாஸ்தா கோயிலுக்குப் போனேன். குளத்துப்புழையில் சாஸ்தா பாலகன். கோயிலை ஒட்டிய ஆற்று மீன்களைத் திருமக்கள் என்று அழைத்துப் பொரியும் கடலையும் போடுவார்கள்; யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆற்றில் செந்நிற வெள்ளம் புரண்டுகொண்டிருந்ததால், கையில் இருந்த கடலையை மீனுக்குப் போட முடியாமல் திரும்பினோம். கடைத்தெருவில் சாப்பாடு 70 ரூபாய். பதிமுகம் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீரைக் கேட்காமலே ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

பிற்பகலில் தோழியின் அயல்கூட்டம் நடந்தது. ஞாயிறன்று மழையால் தள்ளிப்போன கூட்டம் அது. 1998இல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவித் திட்டத்தில், அண்டை வீட்டுப் பெண்கள் பத்து இருபது பேர் சேர்ந்ததுதான் ஓர் அயல்கூட்டம். சேமிப்பு, கடன், யார் வீட்டில் யாருக்கு நோய் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். எழுதியதைச் செயலாளர் உரக்கப் படிக்கிறார். எல்லோரும் கேட்டு, திருத்தி, பிறகு கையெழுத்துப் போடுகிறார்கள். கடன் திருப்பிக் கட்டாத பெண்ணின் முறை வந்தபோது, ஏன் கட்டவில்லை என்று ஒருவரும் அதட்டவில்லை. அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டாரா என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது.

வன்னியில் நுண்கடன் நிறுவனங்களின் ஆட்கள் வாரத்தவணை கேட்டு வாசலில் நிற்பதையும், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன். வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்ச ரூபாய்க்குக் குறைந்த பெண்களின் கடன்களை இலங்கை அரசே 2018இல் தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு அது முற்றியிருந்தது. இந்தியா நிதி கொடுத்த 50,000 வீடுகள் திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாகக் கிடைத்தது. கூரை வேயவும் கூலி கொடுக்கவும் போதாமல் கடன் வாங்கிய பெண்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். வீடு முடிந்தது என்று ஒரு கணக்கிலும், கடன் ஏறியது என்று வேறொரு கணக்கிலும் எழுதப்படுகிறது. இரண்டு கணக்கையும் ஒரே பெண்ணின் சமையற்கட்டில் உட்கார்ந்து சேர்த்துப் பார்ப்பவர் இல்லை.

கூட்டம் முடிந்து தேநீர் வந்தபோது, நான் செய்யும் வேலை என்ன என்று கேட்டார்கள். எத்தியோப்பியாவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். சூடானிலிருந்தும் தென்சூடானிலிருந்தும் தப்பி வந்த அகதிச் சிறுமிகளுக்கு, 13 முதல் 19 வயதுக்குள் இருந்தவர்களுக்கு, முகாமிலேயே பாதுகாப்பான ஓர் இடம் அமைத்து வாரந்தோறும் வகுப்பு நடத்தினார்கள். 2018இல் முடிவுகள் வந்தன. சிறுமிகளுக்குத் தோழிகள் கிடைத்தார்கள்; நம்பிப் பேச வீட்டுக்கு வெளியே பெரியவர்கள் கிடைத்தார்கள்; எந்த வயதில் திருமணம் என்பதில் அவர்களுடைய எண்ணம் மாறியது. ஆனால் பாலியல் வன்முறை குறைந்ததாகக் கணக்கு காட்டவில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்புப் பெண், ஆச்சியின் பேத்தி உறவு, என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அங்க ஆம்பளப் பசங்களுக்கு என்னா கிளாஸ் வச்சாங்க அக்கா?” நான் மேடைகளில் இருபது நிமிடம் பேசுவதை அந்தப் பிள்ளை ஒரு வரியில் கேட்டுவிட்டாள். சூடானின் தார்பூரில் விறகுக்குப் போகும் பெண்கள் வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்பதால், விறகு குறைவாக எரியும் அடுப்பைக் கொடுத்து அதைப் பாதுகாப்பு என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. அடுப்பு நல்ல அடுப்பாகவே இருக்கலாம். காட்டில் காத்திருக்கும் ஆணை அடுப்பால் என்ன செய்ய முடியும்? குற்றம் ஓரிடத்திலும் மருந்து வேறிடத்திலும் இருக்கும்போது, மருந்து வேலை செய்ததா என்று மட்டும் அளப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தச் சிறுமிகளுக்குக் கிடைத்த தோழமையை வன்முறை குறையவில்லை என்ற ஒரே காரணத்தால் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

பிறகு ஆச்சி கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. “நீ அந்தச் சீமைக்குப் போயி அவுங்க சொன்னத எல்லாம் எழுதிக்கிட்டு வந்தியே தங்கச்சி, என்னா எழுதினேன்னு திரும்பப் போயி அவுங்ககிட்டப் படிச்சுக் காட்டினியா?”

இல்லை. பதினேழு ஆண்டு வேலையில் ஒருமுறைகூட இல்லை. அறிக்கை கொடையாளருக்குப் போகும். தலைமை அலுவலகத்துக்குப் போகும். சுருக்கம் இணையத்தில் ஏறும். பெண்களின் பங்கேற்பைப் பற்றி 2000ஆம் ஆண்டு ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானத்தை ஒவ்வோர் அறிக்கையின் முதல் பக்கத்திலும் எடுத்தெழுதியிருக்கிறேன். சொன்னவளிடம் சொன்னது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் செலவுக்கு ஒருமுறைகூட நான் நிதி கேட்டதில்லை.

ஜூன் 20, வெள்ளி – திரும்புதல்

விடிகாலையில் எழுந்து, இந்த நான்கு நாட்களில் நோட்டில் எழுதியதை எல்லாம் ஒழுங்குபடுத்தினேன். பத்து மணிக்கு ஆச்சியின் சமையற்கட்டில், புதன்கிழமை இருந்த அதே பெண்கள் மீண்டும் கூடினார்கள். நான் உரக்கப் படித்தேன். படிப்பதற்கு முக்கால் மணி நேரமும் திருத்துவதற்கு இரண்டு மணி நேரமும் ஆனது.

தாழ்ப்பாள் என்று நான் எழுதியதை, கொண்டி என்று மாற்றச் சொன்னார்கள். தாழ்ப்பாள் வேறு, கொண்டி வேறு. சம்பளச் சீட்டைச் சொன்னவர், கூலியை வாங்கிய தாத்தா கெட்டவர் இல்லை, அன்றைய வழக்கம் அப்படி என்பதைச் சேர்க்கச் சொன்னார். பிள்ளைக்காப்பகம் தமக்கு உதவியதைப் போலவே, காப்பகத்தில் ஆயாவாக வேலை பார்த்த தன் நாத்தனாருக்கு அதுவே வாழ்வாக இருந்ததை நான் கேட்கவில்லை என்று இன்னொருவர் குறை சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

நோட்டில் ஒரு பக்கம் வந்தபோது, செவ்வாய்க்கிழமை சுவரோரம் நின்றிருந்த அம்மா கையை உயர்த்தினார். புதன்கிழமை கடைசியில், மற்றவர்கள் பாத்திரம் கழுவப் போன பிறகு, கலவரத்து இரவைப் பற்றி அவர் என்னிடம் மட்டும் சொன்னவை அந்தப் பக்கத்தில் இருந்தன. நான் அதைப் படிக்கப் போவதில்லை என்று கண்ணாலேயே காட்டிப் பக்கத்தைத் திருப்பினேன். அவர் நிறைவடையவில்லை. எல்லோரும் போன பிறகு அருகில் வந்து, “அது எழுத்துல இருக்க வேணாம் புள்ள” என்றார். பெயர் இல்லையே என்றேன். ஊர் இருக்கிறது, தோட்டத்துப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, இங்கே அந்த வயதில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் விரல் விட்டு எண்ணினார். மூன்று விரல்தான் மடங்கியது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்து அடுப்பில் வைத்து, முழுவதும் எரியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மருமகள் பாலுக்குக் காத்திருப்பாள் என்று கிளம்பிப் போனார்.

ஆச்சி இரண்டு கிலோ கப்பையும் ஒரு புட்டி மீன் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தார். தோழி பணம் வாங்கச் சம்மதிக்கவில்லை. பேத்தியின் நோட்டுப் புத்தகங்களுக்கு என்று சொல்லி ஐந்நூறு ரூபாயை ஆச்சியின் வெற்றிலைத் தட்டில் வைத்தேன்.

தென்மலையிலிருந்து வரும்போது, 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்துப் பதிமூன்று கண் பாலத்தின்மேல் மேகம் இறங்கியிருந்தது. ஆரியங்காவில் இறங்கித் தோர்த்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆச்சி வீட்டு அடுப்படியில் உலர்த்தியதால் அதில் புகை வாசம் அடித்தது. கடைக்காரப் பெண்மணி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “கப்பை வேவிச்சோ?” என்று கேட்டுக்கொண்டே தேநீரை ஆற்றினார்.

அங்கே சிக்னல் கிடைத்தது. பிப்ரவரியில் எனக்கு உதவிய வன்னித் தங்கையைக் கைப்பேசியில் அழைத்தேன். திட்டம் நின்றதிலிருந்து அவளுக்கும் சம்பளம் இல்லை. அறிக்கையை அனுப்புவதற்கு இரண்டு வாரம் அவகாசம் கேட்கப் போவதாகவும், அதற்குள் என் செலவில் வந்து பெண்களிடம் வரைவைப் படித்துக்காட்ட விரும்புவதாகவும், மாட்டை ஏன் விற்றார்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியிருப்பதாகவும் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை.

“வாங்கோ அக்கா” என்றாள் பிறகு. “ஆனால் மண்டபத்தில வேண்டாம். செல்வியக்கா வீட்டுக் கிணத்தடியில இருந்து வாசிப்பம். அங்கயெண்டால் ஒருத்தரும் வரமாட்டினம்.”